வேலிச்செடியும் டீசல் என்ஜினும்

2002 டிசம்பர் 31. டெல்லியிலிருந்து அமிர்தசரஸுக்குச் சென்ற சதாப்தி விரைவு ரயிலின் டீசல் என்ஜினில் அன்று நிரப்பியிருந்த எரிபொருளில் நூற்றுக்கு ஐந்து பங்கு பெட்ரோலியம் அல்ல. தாவர எண்ணெயிலிருந்து தயாரித்த பயோடீசல். பெட்டிகளில் அமர்ந்திருந்த பயணிகளுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்க வழியில்லை. சோதனை வெற்றி என்று ரயில்வே அறிவித்தது. அதன்பின் தமிழ்நாட்டிலும் தஞ்சாவூர்–நாகூர், திருச்சி–லால்குடி தடங்களில் காட்டாமணக்கு எண்ணெய் கலந்த டீசலில் பயணிகள் ரயில்கள் ஓடின.

அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு பாரிஸிலும் இப்படி ஒன்று நடந்தது. 1900-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் ஒரு சிறிய டீசல் என்ஜினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. கனிம எண்ணெய்க்காக வடிவமைத்த என்ஜின் அது. எந்த மாற்றமும் செய்யாமலே கடலை எண்ணெயில் ஓடியது. ஒருசிலருக்கு மட்டுமே விஷயம் தெரிந்திருந்தது என்று அந்த வகை என்ஜினை உருவாக்கிய ருடால்ஃப் டீசல் 1912-இல் லண்டன் இயந்திரப் பொறியாளர்கள் முன் நினைவுகூர்ந்தார். பிரெஞ்சு அரசின் விருப்பத்தின் பேரில்தான் அந்தச் சோதனை நடந்தது என்பதையும் அவரே சொன்னார். நிலக்கரிக்கும் பெட்ரோலியத்துக்கும் காத்திருக்காமல், ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் விளையும் கடலையைக் கொண்டே அங்குள்ள இயந்திரங்களை ஓட்ட முடியுமா என்பது அந்த அரசின் கேள்வி.

அந்தக் காலத்துக் கடலை வணிகத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி வியப்பளிக்காது. மார்செய் துறைமுகத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் செனகலிலிருந்து கப்பல் கப்பலாகக் கடலை போய்க்கொண்டிருந்தது. தென்னாற்காட்டுச் செம்மண்ணில் விளைந்த கடலையும் புதுச்சேரி வழியாக அதே மார்செய்க்குத்தான் போனது. எண்ணெய் வித்து என்பது அன்றே உலகச் சந்தைப் பண்டம்.

டீசலைப் பற்றி ஒரு தவறான செய்தி இன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அவர் தன் என்ஜினைக் கடலை எண்ணெய்க்காகவே உருவாக்கினார் என்றும், 1893 ஆகஸ்ட் 10 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் அது முதன்முதலில் இயங்கியபோதே கடலை எண்ணெயில்தான் ஓடியது என்றும் எழுதுகிறார்கள். அந்த நாளையே இந்தியா உயிரி எரிபொருள் நாளாக அனுசரிக்கிறது. ஆனால் அன்று அந்த உருளையில் எரிந்தது பெட்ரோலியப் பொருள். டீசல் தேடியது வெப்பத்தை வீணாக்காத என்ஜினை. தாவர எண்ணெய் மீது அவருக்கு அக்கறை பின்னால் வந்தது. வந்தபின் ஆழமாகவே வந்தது. இன்று அற்பமாகத் தோன்றும் தாவர எண்ணெய்கள் காலப்போக்கில் பெட்ரோலியத்துக்கு இணையான முக்கியத்துவம் பெறக்கூடும் என்று 1912-இல் அவர் எழுதினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் கப்பலிலிருந்து அவர் காணாமல் போனார்.

பயோடீசலின் வரலாற்றை ரயில், பாரிஸ் என்ற இந்த இரண்டு காட்சிகளிலிருந்தும் படிக்க ஆரம்பித்தால் ஒன்று தெளிவாகிறது. என்ஜின் எந்தக் காலத்திலும் தீர்க்க முடியாத தடையாக இருக்கவில்லை. எண்ணெய் யார் நிலத்தில் விளையும், யார் பறிப்பார்கள், அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விகளில்தான் ஒவ்வொரு முயற்சியும் நிலைத்தது அல்லது விழுந்தது.

1920-களுக்குப் பின் பெட்ரோலிய டீசல் மலிந்தது. என்ஜின்களும் சிறுத்து, வேகம் கூடி, அந்த மெல்லிய எண்ணெய்க்கு ஏற்ற நுண்துளைத் தெளிப்பான்களோடு வந்தன. தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டியானது. அதை அப்படியே ஊற்றினால் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும், உருளைக்குள் கரி படியும். பழைய பெரிய என்ஜின் பொறுத்துக்கொண்டதைப் புதிய என்ஜின் பொறுக்கவில்லை.

இதற்கு வழி சொன்னவர் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷவான். 1937 ஆகஸ்ட் 31 அன்று அவருக்குப் பெல்ஜியக் காப்புரிமை கிடைத்தது. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் ஒரு கிளிசரினோடு பிணைந்திருக்கின்றன. எண்ணெய் கெட்டியாக இருப்பதற்கு அந்தப் பிணைப்பே காரணம். ஆல்கஹாலைச் சேர்த்து வினைபுரிய வைத்தால் கிளிசரின் கழன்று அடியில் தங்கிவிடும். சங்கிலிகள் மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து, டீசலைப் போலவே ஓடும் மெல்லிய திரவமாகிவிடும். இன்றும் பயோடீசல் ஆலைகள் பெரும்பாலும் செய்வது இதைத்தான். நூறு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ பத்துப் பதினொரு கிலோ மெத்தனால், சிறிது காஸ்டிக் சோடா, மிதமான சூடு. கிடைப்பது கிட்டத்தட்ட நூறு கிலோ பயோடீசலும் பத்துக் கிலோ கிளிசரினும். 1938 கோடையில் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவெனுக்கும் இடையே ஒரு பேருந்து இந்த எரிபொருளில் ஓடியது. அதற்கான எண்ணெய் பாமாயில். பெல்ஜியத்தின் ஆட்சியில் அன்று காங்கோ இருந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் ஷவானின் ஆய்வு ஏன் பாமாயிலில் நடந்தது என்பது புரியும்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலியம் அரிதானபோது பல நாடுகள் தாவர எண்ணெயைத் தேடின. இந்தியாவிலும் தேடினார்கள். இந்தியத் தாவர எண்ணெய்களை டீசல் என்ஜினில் பயன்படுத்துவது குறித்து 1942-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதை எழுதியவர்களில் ஒருவரான லால் சந்த் வர்மன் பின்னாளில் இந்தியத் தரநிர்ணய நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஆனார். போர் முடிந்தது, பெட்ரோலியம் மறுபடி மலிந்தது, அந்த ஆய்வுகளும் அலமாரிக்குப் போயின.

1973-இல் எண்ணெய் விலை பாய்ந்தபோது அவற்றைத் தூசி தட்டினார்கள். தென்னாப்பிரிக்காவில் சூரியகாந்தி எண்ணெயில் டிராக்டர்களை ஓட்டிப் பார்த்தார்கள். ஆனால் பயோடீசல் ஒரு தொழிலாக வேர் பிடித்தது ஆஸ்திரியாவில். அங்கே விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து தங்கள் கடுகுவகை வித்தான ரேப்சீடைத் தாங்களே பிழிந்து தங்கள் டிராக்டருக்கு எரிபொருளாக்கினார்கள். 1991-இல் அந்த நாடு பயோடீசலுக்கென்று தரநிர்ணயம் வெளியிட்டது. கிராட்ஸ் நகரம் 1990-களிலிருந்து உணவகங்களில் பொரித்து முடித்த எண்ணெயைச் சேகரித்துத் தன் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. ஜெர்மனி வரிவிலக்கு கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் தரிசாகப் போடச் சொன்ன நிலங்களில், உணவுக்கல்லாத தேவைக்கு ரேப்சீடு விதைத்துக்கொள்ள 1992-க்குப் பின் அனுமதித்தது.

அங்கே இது ஏன் நிலைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ரேப்சீடு அந்த விவசாயிக்குத் தலைமுறையாகத் தெரிந்த பயிர். அறுக்க இயந்திரம் இருந்தது, பிழிய ஆலை இருந்தது. புண்ணாக்கு மாட்டுக்குப் போனது. புதிதாகச் சேர்ந்தது கடைசிக் கட்டமான எரிபொருள் ஆலை மட்டுமே.

இந்தியாவின் நிலைமை வேறு. உண்ணும் எண்ணெயையே கப்பலில் இறக்குமதி செய்யும் நாட்டில் கடலையையும் சூரியகாந்தியையும் என்ஜினுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் உண்ணாத எண்ணெய்களுக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. மண்ணெண்ணெய் வருவதற்கு முன் கோயில் விளக்குகளில் இலுப்பெண்ணெயும், வீட்டு அகல்களில் புங்க எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் எரிந்தன. இலுப்பைத் தோப்புகளைக் கோயில்களே வளர்த்தன. இந்த மரபைப் பிடித்துக்கொண்டு தொடங்கியவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா. கர்நாடகத்தில் ‘ஹொங்கே’ என்று அழைக்கப்படும் புங்க எண்ணெயை நேரடியாக டீசல் ஜெனரேட்டரில் ஊற்றி ஓட்ட முடியும் என்று அவர் காட்டினார். மெதுவாகச் சுழலும் ஜெனரேட்டருக்கு ஆல்கஹால் வினையெல்லாம் அவசியப்படவில்லை. 1990-களின் இறுதியில் கக்கனஹள்ளி என்ற கிராமத்தில் புங்க எண்ணெய் ஜெனரேட்டர்கள் நிலத்தடி நீரை இறைத்தன. 2001-இல் தாண்டேலியில் ஓர் உலோகக் கலவை ஆலை தன் டீசல் ஜெனரேட்டர்களைப் புங்க எண்ணெய்க்கு மாற்றியது.

அப்போது ஆந்திரத்தின் ஆதிலாபாத் மாவட்டத்தில் இருந்த பவர்குடா என்ற பழங்குடிக் கிராமம் இன்னொரு அழகான எடுத்துக்காட்டு. அங்குள்ள மகளிர் சுய உதவிக் குழுவினர் காட்டிலும் வயல் ஓரத்திலும் நின்ற புங்க மரங்களின் காய்களைப் பொறுக்கி, உடைத்து, எண்ணெய் பிழிந்தார்கள். அந்த எண்ணெய் டீசலுக்கு மாற்றாவதால் காற்றில் சேராமல் போகும் 147 டன் கரியமில வாயுவுக்கு ஈடாக 2003-இல் உலக வங்கி அவர்களுக்கு 645 டாலர் கொடுத்தது. தொகை சிறியது. ஆனால் அந்த மரங்கள் ஏற்கெனவே அங்கே இருந்தன. பொறுக்கும் கைகளும் அங்கேயே இருந்தன.

அதே 2003-இல் டெல்லியில் தயாரான திட்டம் இதற்கு நேர் எதிரான திசையில் போனது. திட்டக் குழு அமைத்த, டி.என்.திவாரி தலைமையிலான குழு ஏப்ரலில் தன் அறிக்கையைக் கொடுத்தது. நாடு முழுவதும் எரிக்கும் டீசலில் 20 சதவீதம் பயோடீசலாக வேண்டும். அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட செடி காட்டாமணக்கு. மத்திய அமெரிக்காவில் தோன்றி, போர்த்துக்கீசியர் கப்பல்களில் உலகெங்கும் பரவிய இந்தச் செடி தமிழ்நாட்டில் பல காலமாக வேலியில் நிற்கிறது. ஆடு மாடு வாய்வைக்காது, கிளையை ஒடித்து நட்டால் துளிர்க்கும். அதன் பாலில் குமிழி ஊதாத கிராமத்துக் குழந்தைகள் குறைவு. புங்கம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். காட்டாமணக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கும். திட்டம் போடுகிறவர்களுக்கு அந்த வேகம் பிடித்திருந்தது.

கணக்கு இப்படிப் போடப்பட்டது. ஹெக்டேருக்கு 2,500 செடிகள், செடிக்கு ஒன்றரைக் கிலோ விதை, ஆக ஹெக்டேருக்கு 3.75 டன் விதை, அதிலிருந்து 1.2 டன் எண்ணெய். முதல் கட்டமாக 4 லட்சம் ஹெக்டேர். 2011–12-க்குள் 1.12 கோடி ஹெக்டேர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1.3 கோடி ஹெக்டேர்தான் என்பதோடு ஒப்பிட்டால் திட்டத்தின் அளவு விளங்கும்.

குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 2005 சுதந்திர தினத்துக்கு முந்தைய மாலை உரையில் எரிசக்தித் தன்னிறைவை நாட்டின் இலக்காக வைத்து, தரிசு நிலங்களில் காட்டாமணக்கு வளர்ப்பதை அதன் ஒரு பகுதியாகச் சொன்னார். சத்தீஸ்கர் அரசு, டீசல் இனி வளைகுடாவிலிருந்து வராது, வீட்டுத் தோட்டத்திலிருந்து வரும் என்று முழக்கம் எழுப்பியது. 2006 ஜனவரி முதல் லிட்டர் 25 ரூபாய்க்குப் பயோடீசல் வாங்கிக்கொள்ள எண்ணெய் நிறுவனங்கள் 12 மாநிலங்களில் 20 கொள்முதல் மையங்களைத் தயார் செய்தன. தமிழ்நாட்டில் நாற்றுக்கு மானியமும் கூட்டுறவுக் கடனும் கிடைத்தன. தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டு, விதையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக வாக்களித்தன. வறட்சிக்கும் கடனுக்கும் இடையே நின்ற விவசாயிக்கு அது நம்பிக்கையாகத் தெரிந்தது.

காட்டாமணக்கு வறண்ட நிலத்தில் உயிர்வாழும் என்பது உண்மை. அங்கே நன்றாகக் காய்க்கும் என்பது அதோடு சேர்ந்து வந்த அனுமானம். பட்டினியில் உயிரைப் பிடித்துக்கொள்ளும் செடிக்கு எண்ணெய் நிறைந்த விதையை அள்ளித் தரும் வலு இல்லை. நிறைய காய்க்க வேண்டுமென்றால் நீரும் உரமும் வேண்டும். நெல்லையோ கடலையையோ போல மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பழக்கிய பயிரும் அல்ல இது. பக்கத்துப் பக்கத்துச் செடிகளிலேயே விளைச்சல் வேறுபட்டது. ஒரே கொத்தில் ஒரு காய் பழுத்திருக்கும்போது இன்னொன்று பச்சையாக இருக்கும். எனவே மாதக்கணக்கில் கையால் பொறுக்கிப் பறிக்க வேண்டும். விதையில் நச்சு இருப்பதால் புண்ணாக்கை மாட்டுக்கும் வைக்க முடியாது.

விலைக் கணக்கும் ஒத்துவரவில்லை. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்று நான்கு கிலோ விதை வேண்டும். கிலோ ஐந்து ரூபாய் என்று வைத்தாலே விதைக்கு மட்டும் 15 முதல் 20 ரூபாய். பிழிவதற்கும் மெத்தனாலுக்கும் ஆலைக்கும் போக்குவரத்துக்கும் மிச்ச ஐந்து பத்து ரூபாய்க்குள் அடங்க வேண்டும். கிலோ ஐந்து ரூபாயில் பறிப்புக் கூலியே கட்டாது என்பது விவசாயியின் பக்கத்து உண்மை. எதிரே நின்ற பெட்ரோலிய டீசலின் சில்லறை விலையை 2014 வரை அரசே அடக்கி வைத்திருந்தது. கொள்முதல் மையங்களுக்குப் பயோடீசல் வந்துசேரவில்லை.

கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் காட்டாமணக்கு நட்ட விவசாயிகளிடையே ஆய்வு செய்த பேரே அரிசா மொந்தோபியோ, சரச்சந்திர லேலே இருவரும் 2010-இல் வெளியிட்ட முடிவுகள் கடுமையானவை. விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. நீர் வசதி இருந்தால் ஓரளவு தேறலாம், இல்லையென்றால் இல்லை. மொத்தத்தில் இந்தப் பயிர் விவசாயிகளை, அதிலும் ஏழைகளையும் பின்தங்கிய சமூகத்தினரையும், மேலும் வறுமைக்குத் தள்ளியது. தரிசில் வளரும் என்று சொன்ன செடி, பட்டா நிலத்தில் கடலையும் தானியமும் விளைந்த இடத்துக்கு வந்திருந்தது.

தரிசு என்று காகிதத்தில் குறித்த நிலமும் சும்மா கிடக்கவில்லை. ஜெனிஃபர் பாக்கா என்ற ஆய்வாளர் தென் தமிழ்நாட்டில், சாத்தூர் வட்டாரத்தில், இந்த நிலங்களைப் பின்தொடர்ந்தார். அங்கே சீமைக்கருவேலம் வளர்ந்திருந்தது. அதை வெட்டி விறகாக்கினார்கள், மூட்டம் போட்டுக் கரியாக்கினார்கள், ஆலைகளுக்கு அனுப்பினார்கள். அந்த நிலத்தில் சீமைக்கருவேலம் தரும் பயனுள்ள ஆற்றல், காட்டாமணக்கு தரக்கூடியதைப் போல 2.5 முதல் 10.3 மடங்கு வரை அதிகம் என்று அவரும் ராபர்ட் பெய்லிஸும் கணக்கிட்டார்கள். சீமைக்கருவேலம் நிலத்தடி நீருக்குச் செய்யும் கேட்டைப் பற்றித் தமிழ்நாட்டில் நிறையப் பேசப்பட்டுள்ளது. இருந்தும் புறம்போக்கில் விறகு வெட்டி, ஆடு மேய்த்து வாழும் குடும்பங்களின் பொருளாதாரத்தைத் திட்டத்தின் வரைபடம் பார்க்கவே இல்லை என்பதை அந்தக் கணக்கு காட்டியது.

தோல்வி இந்தியாவோடு நிற்கவில்லை. 2007-இல் காட்டாமணக்குக்காக பிரிட்டனின் டி1 ஆயில்ஸோடு கைகோத்த பிபி நிறுவனம் 2009-இல் விலகிக்கொண்டது. அதே 2009 டிசம்பரில் இந்திய அரசு தன் உயிரி எரிபொருள் கொள்கையை வெளியிட்டு, 2017-க்குள் 20 சதவீதக் கலப்பு என்று மறுபடி எழுதியது. 2017 வந்தபோது கலப்பு ஒரு சதவீதத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலந்து ஸ்பைஸ்ஜெட் விமானம் ஒன்று டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. விதை கொடுத்தவை சத்தீஸ்கரின் சுமார் 500 விவசாயக் குடும்பங்கள். ரயில் என்ஜினைப் போலவே விமான என்ஜினும் அந்த எண்ணெயை ஏற்றுக்கொண்டது.

2018-இன் புதிய கொள்கை இலக்கைக் குறைத்தது: 2030-க்குள் ஐந்து சதவீதம். கவனமும் வயலிலிருந்து அடுப்படிக்குத் திரும்பியது. பொரித்த எண்ணெயில் முனைவுச் சேர்மங்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மறுபடி சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து தடை விதித்தது. அந்த எண்ணெயைப் பயோடீசலுக்குத் திருப்பும் ‘ரூக்கோ’ திட்டம் ஆகஸ்டில் வந்தது. 2019 ஆகஸ்டில் எண்ணெய் நிறுவனங்கள் 100 நகரங்களில் அப்படித் தயாரிக்கும் பயோடீசலை முதலாண்டில் லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தன. கிராட்ஸ் நகரத்தின் வழி இது. இதில் ஒரு கூடுதல் நன்மையும் இருக்கிறது. பெரிய உணவகத்தில் கறுத்துப்போன எண்ணெய் குறைந்த விலைக்குத் தெருவோர வடைக்கடைக்குப் போய், அங்கிருந்து ஏழையின் வயிற்றுக்குப் போகும் வழக்கத்தை இது தடுக்கும். ஆனால் சட்டியிலிருந்து ஆலை வரைக்கும் அந்த எண்ணெயைக் கொண்டுசேர்க்கும் வலை பெருநகரங்களுக்கு வெளியே இன்னும் மெலிந்தே இருக்கிறது. காக்கிநாடா போன்ற துறைமுக ஊர்களின் ஆலைகள் இறக்குமதியான பாமாயிலின் கெட்டிப் பகுதியையும் சேர்த்தே பிழைத்து வந்திருக்கின்றன.

இதே காலத்தில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022 ஜூனில் பத்து சதவீதத்தைத் தொட்டது. 2025-இல் இருபதை எட்டியது. அதன் பின்விளைவுகள் குறித்து விவாதங்கள் உண்டு. ஆனால் அது எட்டிய விதம் எளிமையானது. கரும்பு ஏற்கெனவே விளைந்துகொண்டிருந்தது, ஆலைகள் நின்றுகொண்டிருந்தன, அரசு கட்டுப்படியான விலையை முன்கூட்டியே அறிவித்தது. காட்டாமணக்குக்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

இந்தியா இன்று ஆண்டுக்குச் சுமார் 9 கோடி டன் டீசல் எரிக்கிறது. ஐந்து சதவீதம் என்றால் 45 லட்சம் டன் பயோடீசல். பொரித்த எண்ணெய் அதில் ஒரு பங்கைத் தரும், முழுவதையும் தராது. மீதிக்கு மரங்களைத்தான் நாட வேண்டியிருக்கும். அதற்கு வயல் ஓரங்களிலும் சாலைகளிலும் ஏற்கெனவே நிற்கும் புங்கத்தையும் வேம்பையும் இலுப்பையையும் முதலில் எண்ணிப் பார்க்கலாம். விதை பொறுக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி கட்டும் விலையை முதலில் நிர்ணயித்து, அதற்கு மேல் எண்ணெயின் விலையைக் கட்டியெழுப்பலாம். 2003-இன் அறிக்கை ஹெக்டேரிலிருந்து தொடங்கிக் கடைசியில் விவசாயியிடம் வந்தது. பவர்குடாவில் அந்தக் கணக்கு மகளிர் குழுவிடமிருந்து தொடங்கியது.